அக்கா என்னிடம் வழி கேட்கவில்லை

இரவு பத்தரை மணிக்கு அக்கா போன் செய்தாள். அத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி இரண்டு மாதம் ஆகிறது, இன்னும் யாராவது தாங்கிப் பிடித்தால்தான் கட்டிலை விட்டு எழுகிறார், எழும்போதெல்லாம் அவள் மேல் எரிந்து விழுகிறார். இதை அவள் சொல்ல ஆரம்பித்து மூன்று வாக்கியம் முடிவதற்குள் நான் தொடங்கிவிட்டேன். பிசியோதெரபிக்கு வேறு ஆளைப் பார், பகலுக்கு ஒரு நர்ஸ் வை, மாத்திரையை மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேள்.

"டேய், நான் உன்கிட்ட வழி கேக்கலடா. சொல்லிட்டிருக்கேன், அவ்வளவுதான்" என்றாள். அப்புறம் "சரி, நீ தூங்கு" என்று வைத்துவிட்டாள்.

அதன் பிறகுதான் என்னையே பார்த்தேன். தோள் இரண்டும் காது வரை ஏறியிருந்தன. பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது. இடது கை தலையணை நுனியை முறுக்கி முறுக்கிக் கயிறாகத் திரித்து வைத்திருந்தது. அவளுடைய முதல் வாக்கியத்திலேயே என் நெஞ்சு இறுக ஆரம்பித்திருக்க வேண்டும், எனக்குத்தான் தெரியவில்லை. இறுக்கம் போக வேண்டுமானால் அவள் பேச்சு நிற்க வேண்டும், பேச்சு நிற்க வேண்டுமானால் பிரச்சினை தீர வேண்டும், அதனால் மளமளவென்று தீர்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை யோசனையும் எனக்காகச் சொன்னது. அக்கா பாவம், நடுவில் மாட்டிக்கொண்டாள்.

உடம்புக்குள் நடப்பதை உணர்வதற்கு இன்டரோசெப்ஷன் என்று ஒரு பெயர் இருக்கிறது. 1906இல் ஷெரிங்டன் என்ற உடலியல் அறிஞர் உள்ளுறுப்புகளிலிருந்து வரும் உணர்வை மற்றவற்றிலிருந்து பிரித்துச் சொல்லப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல்லிலிருந்து வந்தது. (தமிழில் 'உள்ளுணர்வு' என்று சொல்லிவிடலாம், ஆனால் அந்தச் சொல்லை லாட்டரி நம்பர் கணிப்பவர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.) இதயத்திலிருந்தும் குடலிலிருந்தும் மூளைக்குப் போகும் வேகஸ் நரம்பில் சுமார் 80 சதவீத இழைகள் உடம்பின் சேதியை மேலே கொண்டுபோகவே இருக்கின்றன. உடம்பு அவ்வளவு பேசுகிறது, நாம் அதில் கொஞ்சம்தான் கேட்கிறோம்.

2004இல் டானியா சிங்கர் என்ற மூளை ஆய்வாளரும் குழுவினரும் ஒரு பரிசோதனை செய்தார்கள். 16 ஜோடிகள். பெண் ஸ்கேனருக்குள், துணைவர் பக்கத்தில். சில முறை அவள் கையில் மின் அதிர்ச்சி, சில முறை அவர் கையில். இரண்டு நேரத்திலும் அவள் மூளையில் இன்சுலாவின் முன்பகுதி விழித்துக்கொண்டது. எங்கே எவ்வளவு வலி என்று கணக்கு வைக்கும் பகுதிகளோ அவளுக்கே வலித்தபோதுதான் வேலை செய்தன. இன்சுலாதான் நம் உடம்பின் உள்நிலையையும் உணரும் இடம். ஆக, அடுத்தவர் வலி நமக்குள் வரும்போது வலியாக வருவதில்லை, வலியின் சங்கடமாக வருகிறது. அந்தச் சங்கடம்தான் என் தலையணையை முறுக்கியது.

இதைப் படித்துவிட்டு 'உடம்பைக் கவனி, எல்லோருடனும் ஒன்றிவிடுவாய்' என்று வகுப்பெடுக்கக் கிளம்பியவர்கள் நிறைய. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. நாடி பிடிக்காமல் இதயத்துடிப்பை மனசுக்குள் எண்ணச் சொல்லும் ஒரு சோதனை 1981இலிருந்து இருக்கிறது. தன் நாடி நிமிடத்துக்கு எத்தனை என்று தெரிந்தவர் எதையும் உணராமலேயே அதில் தேறிவிடலாம் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அதில் நன்றாக எண்ணியவர்கள் கண்ணைப் பார்த்து மனநிலை சொல்லும் தேர்வில் மற்றவர்களை விட ஒன்றும் சிறப்பாகச் செய்யவில்லை என்று 2015இல் ஓர் ஆய்வு வந்தது. துடிப்பை எண்ணத் தெரிந்தவரெல்லாம் நல்ல மனிதர் என்றால் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

அளவுக்கு மீறிக் கவனித்தாலும் ஆபத்துதான். பதற்ற நோய் உள்ள ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள், தன் நெஞ்சு அடிப்பதைக் கேட்டுக்கேட்டே அது இன்னும் அடிக்கும். எதிரில் இருப்பவர் என்ன சொன்னார் என்பது காதில் ஏறவே ஏறாது. சபையில் பேச எழுந்தபோது முகம் சூடாவதை மட்டுமே கவனித்து நான் உளறிய நாட்கள் எனக்குத் தெரியும்.

அப்படியானால் இந்தக் கவனம் எதற்குத்தான் உதவும்? என் கட்சி இதுதான்: இது என் உடம்பில் நடப்பது, அது அவள் சொல்வது என்று பிரித்துப் பார்க்க உதவும். பசியோடு வீட்டுக்குள் நுழைகிறவனுக்கு எதிரில் வருகிறவர் எல்லோரும் குற்றவாளி. பசி என்று தெரிந்தால் சாப்பிடுவான், தெரியாவிட்டால் சண்டை போடுவான். தன் உணர்வுக்கே பெயர் சொல்ல முடியாத நிலைக்கு அலெக்ஸிதைமியா என்று 1970களில் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் பெயர் வைத்தார். பிறர் வலியைக் காணும்போது இன்சுலா மந்தமாக இருப்பது ஆட்டிசத்தால் இல்லை, இந்த அலெக்ஸிதைமியாவோடு சேர்ந்தே வருகிறது என்று 2010இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இரக்கம் இல்லை என்று வாய் கூசாமல் சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் படிக்கலாம்.

நம் மொழிக்கு இது புதுசு இல்லை. வயிறு எரிகிறது, அடிவயிறு கலங்குகிறது, வயிற்றில் புளியைக் கரைக்கிறது, தொண்டை அடைக்கிறது, ஈரக்குலை நடுங்குகிறது. உணர்ச்சி வெளிப்படுவதற்கே நம் இலக்கணம் வைத்த பெயர் மெய்ப்பாடு, மெய்யில் தோன்றுவது. சொல்லத் தெரிந்த நமக்கு அது தோன்றும் நேரத்தில் கவனிக்கத்தான் தெரியவில்லை, குறிப்பாக 'ஆம்பளைக்கு என்ன அழுகை' என்று கேட்டு வளர்ந்த எங்களுக்கு.

போன வாரம் அக்கா மறுபடி பேசினாள். இந்த முறை இரண்டு காலையும் தரையில் ஊன்றி உட்கார்ந்தேன். அத்தான் தட்டைத் தள்ளிவிட்டார் என்று சொன்ன இடத்தில் தோள் ஏற ஆரம்பித்தது. ஏறுகிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான், இறக்கக்கூட முயலவில்லை. 'வேறு டாக்டர்' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்து நின்றது. "ம்" என்றேன். நாற்பது நிமிடம் பேசினாள், நடுவில் ஒரு தடவை அழுதாள், ஒரு தடவை சிரித்தாள். கடைசியில் "என்னடா, இன்னைக்கு ஒண்ணுமே சொல்லல?" என்று கேட்டாள்.