அந்தப் படத்தை எடுத்துடுங்க

டெக்னாலஜி மனுஷனை அழிக்குதுன்னு சொல்லி அமெரிக்காவுல குண்டு வச்ச டெட் கசின்ஸ்கி இருக்கானே, நேத்து அவன் படத்தைப் போட்டு "அன்னிக்கே சொன்ன ஞானி"ன்னு எழுதுனதுக்குக் கீழ, இவன் கொலைகாரன்ங்கன்னு ஒரே ஒரு வரிதான் போட்டேன். அதுக்கு எனக்குக் கிடைச்ச பட்டம் கார்ப்பரேட் அடிமை. பத்து வருஷமா பழகுன ஆளுங்களே அதுக்கு ஹார்ட்டின் விட்டிருக்கீங்க. வலிக்குது.

திரும்பவும் சொல்றேன், அவன் கொலைகாரன். 1978லேருந்து 1995 வரைக்கும் 16 குண்டு, 3 பேர் செத்தாங்க, 23 பேருக்குக் காயம். 1979ல விமானத்துக்குள்ளயே ஒண்ணு வச்சான், அது சரியா வெடிக்காததாலதான் அத்தனை பேரும் உயிரோட இறங்குனாங்க.

முதல்ல செத்தது யாரு தெரியுமா? 1985 டிசம்பர்ல, சேக்ரமெண்டோல ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர். கடைக்குப் பின்னாடி பார்க்கிங்ல ஆணி அடிச்ச மரக்கட்டை மாதிரி ஒண்ணு கிடந்துச்சு. குனிஞ்சு எடுத்தார், வெடிச்சிருச்சு.

எங்கப்பா பஞ்சர் கடை வச்சிருந்தவர். ரோட்டுல ஆணி கிடந்தா அவருக்கு வருமானம். ஆனா காலைல கடை திறக்கறதுக்கு முன்னாடி தெருவுல நடந்து ஒவ்வொரு ஆணியா பொறுக்கி ஒரு பவுடர் டப்பால போடுவார். இந்தச் சம்பவத்தைப் படிக்கும்போதெல்லாம் குனியற எங்கப்பா முதுகுதான் எனக்குத் தெரியுது. என்னால அவனை ஞானின்னு சொல்ல முடியாதுங்க.

ஹார்வர்டு யுனிவர்சிட்டில படிக்கறப்ப அவனை வச்சு மனோதத்துவ சோதனை பண்ணாங்களேன்னு கேப்பீங்க. பண்ணாங்க, கொடுமைதான். அதே சோதனைல இருந்த மத்த பசங்க யாரும் பார்சல்ல குண்டு அனுப்பல. டெக்னாலஜி பத்தி அவன் சொன்னது சரிதானேன்னா, சரியாவே இருக்கட்டும், என் பொண்ணு போனை விடாம பாக்கறது எனக்கும் பயம்தான், அதுக்கு முன்னப்பின்ன தெரியாத மனுஷன் கை போகணுமா? டெக்னாலஜிக்கு எதிரா 35,000 வார்த்தைல கட்டுரை எழுதுனவன், அதைப் போடலன்னா இன்னும் கொல்லுவேன்னு மிரட்டித்தானே 1995ல பத்திரிகைல வர வச்சான்?

படம் போடணும்னா அவன் தம்பி டேவிட் படத்தைப் போடுங்க. அந்தக் கட்டுரையைப் படிச்சு, இது நம்ம அண்ணன் எழுத்து மாதிரி இருக்கேன்னு முதல்ல சந்தேகப்பட்டது டேவிட்டோட மனைவி. அதுக்கப்புறம் அண்ணனோட பழைய கடுதாசியெல்லாம் எடுத்து வச்சு, வரிவரியா ஒப்பிட்டுப் பாத்து, கடைசில எஃப்பிஐ போலீஸ்கிட்ட போனாங்க. 1996ல மொன்டானா காட்டுக் குடிசைல பிடிச்சாங்க. 10 லட்சம் டாலர் பரிசுப்பணத்துல வரி, வக்கீல் செலவு போக பெரும்பகுதி பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குத்தான் போச்சு. அண்ணனைத் தூக்குல போட்டுடாதீங்கன்னு கெஞ்சுனதும் இதே தம்பிதான். ஆயுள் தண்டனையோட நின்னுச்சு. ஆனா 2023ல ஜெயில்ல சாகற வரைக்கும் அவன் தம்பிகிட்ட ஒரு வார்த்தை பேசல. தம்பி மட்டும் கடுதாசி போட்டுட்டே இருந்தார்.

எனக்கும் ஒரு அண்ணன் இருக்கான். நான் டேவிட் இடத்துல இருந்திருந்தா போலீஸ்கிட்ட போயிருப்பேனான்னு நேத்து நைட் பூரா யோசிச்சேன், தெரியலங்க.

அந்தப் படத்தை எடுத்துடுங்க.