பணம் கட்டியவருக்கு மட்டும் மார்க் ஏறாது

"நீட் ஆன்சர் கீயை (விடைக்குறிப்பை) எதிர்த்து 200 ரூபாய் கட்டினவங்களுக்குத்தான் மார்க் ஏறும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது தவறு. ஆட்சேபத்தை நிபுணர்கள் ஏற்றுக்கொண்டால் விடையே திருத்தப்படும். அந்தக் கேள்விக்கு விடை எழுதிய எல்லோருக்கும் அது பொருந்தும். ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும்.

2024 நீட் தேர்வின் இயற்பியல் பகுதியில் அணு பற்றிய கேள்வியைப் பாருங்கள். பழைய என்சிஇஆர்டி (மத்திய அரசின் பள்ளிப் பாடநூல் அமைப்பு) புத்தகத்தில் எல்லாத் தனிமங்களின் அணுக்களும் நிலையானவை என்று இருந்தது, புதியதில் 'பெரும்பாலான' என்று மாற்றியிருந்தார்கள். நீட்டை நடத்தும் என்டிஏ (தேசிய தேர்வு முகமை) இரண்டாவது, நான்காவது ஆகிய இரண்டு விடைகளுக்கும் மார்க் கொடுத்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் போனது. டெல்லி ஐஐடி நிபுணர்கள் நான்காவது விடை மட்டுமே சரி என்றார்கள். இரண்டாவதைக் குறித்திருந்த நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தலா 5 மார்க் போயிற்று: கிடைத்த 4 கழிந்தது, நெகட்டிவ் 1 வேறு. அவர்களில் 720 வாங்கியிருந்தவர்களும் உண்டு, 715க்கு வந்துவிட்டார்கள். இவர்கள் யாரும் ஆட்சேபம் போட்டதால் மார்க்கை இழக்கவில்லை.

அப்புறம், நண்பரோடு விடைகளை ஒப்பிடும்போது இருவரின் வினாத்தாள் புக்லெட் குறியீட்டையும் முதலில் பாருங்கள். குறியீடு மாறினால் கேள்வி எண்ணும் மாறும். "45க்கு நீ என்ன போட்ட?" என்று கேட்டு அழுவதில் அர்த்தமில்லை.