"நடக்கவே முடியல"ன்னு மைக்ல சிரிச்சவங்களுக்கு

ஞாயித்துக்கிழமை கூழ் ஊத்தின எடத்துல நடந்தது இந்நேரம் டர்பன்ல நம்ம சாட்ஸ்வொர்த் பூரா தெரியும், மறுபடி சொல்லல. மைக் யார் கையில இருந்துச்சுன்னும் சொல்லல. ஸ்கூல் கடைசிப் பரீட்சை மெட்ரிக்ல டிஸ்டிங்ஷன் எடுத்த பிள்ளைங்களுக்கு மாலை போட்டீங்க, சந்தோஷம், நானும் கை தட்டினேன். அதுக்கப்புறம் எதுக்கு ரக்பி ஆடற எங்க அக்கா பையன் பக்கம் கைய நீட்டி, "பந்த தூக்கிட்டு ஓடினவருக்கு இப்ப நடக்கவே முடியல"ன்னு ஒரு ஜோக்கு? அத்தன பேரும் சிரிச்சீங்க. தமிழ்ல சொன்னீங்க, அதான் நானும் தமிழ்லயே எழுதறேன்.

அவனுக்கு ரக்பி விளையாட்டு இல்லீங்க, வேலை. ரக்பி யூனியன்ல சம்பளம்னு ஒண்ணு முறையா வந்ததே 1995 ஆகஸ்ட்லதான், அன்னிலேர்ந்து அது தொழில், நீங்க ஆபீஸ் போற மாதிரி. இவன் ஹூக்கர். ரெண்டு டீமும் முட்டித் தள்ளற ஸ்க்ரம்ல முன்வரிசைக்கு நடுவுல, ரெண்டு பக்கமும் நிக்கற ப்ராப் ஆளுங்க தோள்ல கைய போட்டு தொங்கணும், பின்னாடி அஞ்சு பேர் தள்ள, எதிர்ல எட்டு பேர் தள்ள, நடுவுல இவன் கழுத்து. காது ரெண்டும் வீங்கி பணியாரமா போச்சு, எங்க அக்கா ராத்திரி எண்ணெய் தடவி விடுவா. பந்து கோட்டுக்கு வெளிய போனா, வரிசையா நிக்கறவங்களுக்கு நடுவுல எறியற லைன்அவுட்ல பந்து எறியறதும் ஹூக்கர் வேலைதான், அதுக்காக கராஜ் சுவத்துல சாக்பீஸ்ல வட்டம் போட்டு எறிஞ்சு எறிஞ்சு அந்த எடத்துல பெயின்டே உதிர்ந்து சிமெண்ட் தெரியுது. வந்து பாருங்க. அப்புறம் சிரிங்க.

"படிப்புதான் கடைசி வரைக்கும் சோறு போடும்"னு கமெண்ட் வரும், தெரியும். சரி, ஒத்துக்கறேன். பீஸ்ட்டுனு நாம கத்தினோமே எம்டவாரிரா, 117 டெஸ்ட் ஆடினவரு, அவருக்கே 2008லேர்ந்து 2019 வரைக்கும்தான் ஸ்பிரிங்பாக், அதாவது நம்ம தென்னாப்பிரிக்கா டீம் ஜெர்ஸி. அது குடுத்து வச்ச ஆளு. இவனுக்கு 2 வருஷ ஜூனியர் கான்ட்ராக்ட், அக்டோபரோட முடியுது, நடுவுல முட்டி போச்சு. வேலை போகப்போற பயத்துல இருக்கற பையன், அவ்வளவுதான். உங்க வீட்டு அக்கவுண்டன்ட் பையனுக்கு வேலை போனா மைக்ல சொல்லி சிரிப்பீங்களா?

"நம்ம ஆளுங்களுக்கு அந்த உடம்பு வாகு இல்ல"ங்கறவங்களுக்கு பதில் சொல்லவே மாட்டேன். ஸ்பிரிங்பாக் விங்கர் கோல்பி உசரம் 171 சென்டிமீட்டர். போதும்.

2023 உலகக் கோப்பை ஃபைனல் ராத்திரி 12-11, ஒரே ஒரு பாயின்ட்ல நியூசிலாந்த ஜெயிச்சோம், அன்னிக்கு பச்ச ஜெர்ஸி போட்டுக்கிட்டு பட்டாசு வெடிச்சது யாரு? அதே டீம் கேப்டன் கொலிசிக்கு அந்த ஏப்ரல்ல முட்டி போச்சே, நடக்க முடியலன்னு சிரிச்சீங்களா? சாமிக்கு வேண்டிக்கிட்டீங்க! ஸ்விடேங்கற கறுப்பினத்தவங்க குடியிருப்புல பொறந்த பையன் கேப்டன் ஆனான்னு ஸ்டேட்டஸ் போடத் தெரியுது. சொந்தப் பையன்னா மட்டும் ஜோக்கு. மைதானத்துல அவன "கோட்டா பையன்"ங்கறாங்க, இங்க வந்தா "வெள்ளக்காரன் ஆட்டம் ஆடறவன்"ங்கறீங்க. அவன் எங்கதான் போவான்?

கோவம் ஏன் இவ்வளவு வருதுன்னு ராத்திரி யோசிச்சேன். எங்கப்பா 1976ல, நிறவெறி ஆட்சி காலத்துல, டர்பன் கிங்ஸ் பார்க் மைதானத்துல, நம்மள மாதிரி ஆளுங்களுக்குன்னு ஒதுக்கின மூலையில நின்னு நியூசிலாந்து டீம் ஆல் பிளாக்ஸுக்கு கத்தினவரு. 1970ல "கௌரவ வெள்ளக்காரன்"னு பேர் வச்சுத்தானே அந்த டீம்ல வெள்ளக்காரர் இல்லாத பிரையன் வில்லியம்ஸ நாட்டுக்குள்ள விட்டாங்க, அவரு பேர அப்பா இன்னிக்கும் சொல்லுவாரு. 1995 உலகக் கோப்பை ஃபைனல்ல அதே ஆல் பிளாக்ஸுக்கு எதிரா ஸ்பிரிங்பாக் ஸ்ட்ரான்ஸ்கி எக்ஸ்ட்ரா டைம்ல ட்ராப் கோல் அடிச்சப்போ தெருவே குதிக்குது, அப்பா எழுந்து போய் கறிவேப்பிலைச் செடிக்கு தண்ணி ஊத்திட்டிருந்தாரு. எனக்கு 15 வயசு. அடுத்த மாசம் ஒரு செகண்ட் ஹேண்ட் பூட்ஸ் வாங்கி வந்தேன், ரெண்டே நாள்ல காணோம். யாருக்கோ தூக்கி குடுத்துட்டாரு. "அவங்க ஆட்டம் நமக்கெதுக்குடா." அவருக்கு காரணம் இருந்துச்சு, புரியுது. புரிஞ்சா வலிக்காதா என்ன?

ஞாயித்துக்கிழமை சிரிச்சவங்கள்ல எங்கப்பாவும் ஒருத்தரு.

எல்லாரும் போனப்புறம் பின்பக்கம் போனா, பையன் ஸ்டூல் போட்டு உக்காந்து, மடக்க முடியாத கால நீட்டி வச்சுக்கிட்டு, கூழ் அண்டாவ தேய்ச்சிட்டிருக்கான். நான் வாய தொறக்கறதுக்குள்ள அவனே, "தாத்தாவுக்கு மைக்ல பேசினா சரியா கேக்காது மாமா, மத்தவங்க சிரிச்சாங்கன்னு சிரிச்சிருப்பாரு, விடுங்க"ன்னான்.

வியாழக்கிழமை எம்ஆர்ஐ. நான்தான் கூட்டிட்டு போறேன், அன்னிக்கு யாரும் ஃபோன் பண்ணாதீங்க.