கடனை மொய்யாக எழுதும் கணக்கு

கல்யாண வீட்டில் ஒருவர் வட்டிக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதே தொகையை மொய் நோட்டிலும் எழுதச் சொன்னால் சும்மா விடுவோமா? மொய்யும் ஒருநாள் திருப்பிச் செய்யவேண்டியதுதான், ஆனால் அதற்கு வட்டி கிடையாது. காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க ஏழை நாடுகளுக்குப் பணக்கார நாடுகள் தரும் பணம்தான் காலநிலை நிதி. அவை காட்டும் கணக்கில் பெரும்பகுதி இந்த மாதிரி மொய்.

2020-க்குள் ஏழை நாடுகளுக்கு ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் என்பது 2009 கோபன்ஹேகன் மாநாட்டின் வாக்குறுதி. இரண்டு ஆண்டு தாமதமாக, 2022-இல் 11,590 கோடியை எட்டிவிட்டோம் என்று பணக்கார நாடுகளின் அமைப்பான ஓஇசிடி அறிவித்தது. பிரித்துப் பாருங்கள். 2,190 கோடி தனியார் முதலீடு, 240 கோடி ஏற்றுமதிக் கடன். மிச்சம் 9,160 கோடிதான் அரசுகளும் வளர்ச்சி வங்கிகளும் கொடுத்தது. அதிலும் 69 சதவீதம் கடன், மானியம் வெறும் 28 சதவீதம்.

10 கோடி டாலரை 5 சதவீத வட்டிக்கு வாங்கி, அசலை 20 ஆண்டுகளில் சம தவணையாகக் கட்டும் நாடு வட்டி மட்டுமே 5.25 கோடி கட்டும். கொடுத்தவர் கணக்கிலோ முழு 10 கோடியும் உதவியாகப் பதிவாகிறது. சலுகை வட்டி என்றாலும் இதே கதைதான், முகமதிப்பு, அதாவது கடனின் முழுத் தொகை, அப்படியே ஏறும். வேறு வழி தெரியாமல் இப்படிச் செய்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். இதே நாடுகள் பொதுவான வளர்ச்சி உதவியைக் கணக்கிடும்போது, 2018-ஆம் ஆண்டுத் தரவிலிருந்து கடனில் உள்ள மானியப் பகுதியை, அதாவது சலுகையால் வாங்கியவருக்கு மிச்சமாகும் தொகையை மட்டும்தான் வெளியில் அறிவிக்கும் மொத்தத்தில் சேர்க்கின்றன. காலநிலை என்று வந்ததும் பழைய அளவுகோல் திரும்பிவிடுகிறது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கின் உண்மை மதிப்பு 2,800 முதல் 3,500 கோடி டாலர்தான் என்கிறது ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனம்.

எது காலநிலை நிதி என்பதற்கும் பொது வரையறை இல்லை. ஆசியாவில் சாக்லேட், ஜெலாட்டோ கடைகள் திறக்க இத்தாலி கொடுத்த பணமும், வங்கதேசத்தில் நிலக்கரி மின்நிலையத்துக்கு ஜப்பான் கொடுத்த கடனும் இந்தக் கணக்கில் இருந்ததை 2023-இல் ராய்ட்டர்ஸ் வெளிக்கொண்டுவந்தது. நிலக்கரிக்கே காலநிலை நிதி!

2022 வெள்ளத்தில் பாகிஸ்தானில் 3.3 கோடிப் பேர் பாதிக்கப்பட்டார்கள். சேதமும் இழப்பும் சேர்த்து சுமார் 3,000 கோடி டாலர். புவியைச் சூடாக்கும் வாயுக்களின் உலக உமிழ்வில் அந்நாட்டின் பங்கு 1 சதவீதத்துக்கும் குறைவு. 2023 ஜனவரியில் ஜெனீவாவில் 900 கோடிக்கு மேல் வாக்குறுதி கிடைத்தது, பெரும்பகுதி கடனாக. ஏற்கெனவே கடனில் மூழ்கியிருந்த நாடு அது.

2024-இல் அசர்பைஜானின் பாகூவில் நடந்த காலநிலை மாநாட்டில் புதிய இலக்கு வந்தது: 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி. வளரும் நாடுகள் கேட்டது 1.3 லட்சம் கோடி. ஆண்டுக்கு 3 சதவீதம் விலை ஏறினால்கூட அந்த 30,000 கோடியின் மதிப்பு 2035-இல் 2024-ஆம் ஆண்டு விலையில் 21,700 கோடிக்கு இறங்கிவிடும். அதைவிடக் கவனிக்கவேண்டியது இது: முன்பு வளர்ச்சி வங்கிகள் தரும் பணத்தில் பணக்கார நாடுகளின் பங்கை மட்டும் எண்ணினார்கள். இனி மொத்தத்தையும் எண்ணலாம். அந்த வங்கிகளில் இந்தியாவும் சீனாவும் பங்குதாரர்கள். நாம் போட்ட முதலும் அவர்கள் கொடுத்த கணக்கில் சேரும்.

நம் பக்கமும் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். கொடுக்கவேண்டியவர் பட்டியல் 1992-இல், ஐ.நா. காலநிலை ஒப்பந்தத்தோடு உறைந்துபோனது. கத்தார், சிங்கப்பூர், சவூதி அதில் இல்லை. ஆண்டு உமிழ்வில் முதலிடம் பிடித்த சீனாவும் இல்லை. இவர்களும் ஏன் கொடுக்கக்கூடாது என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் பட்டியலில் இருப்பவர்கள் தங்கள் பாக்கியைத் தள்ளிப்போட அதைச் சாக்காக்குவதை ஏற்கமுடியாது.

இத்தனைக்கும், கணக்கைச் சரிசெய்யப் புதிய ஒப்பந்தம் எதுவும் தேவையில்லை. பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழ் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தரும் வெளிப்படைத்தன்மை அறிக்கையின் அட்டவணையில் மானிய மதிப்புக்கென்று இடம் ஏற்கெனவே உண்டு. 2018-இல் போலந்தின் கட்டோவிட்சே மாநாட்டில் வகுத்த விதிகள் முகமதிப்பைக் கட்டாயமாக்கி, மானிய மதிப்பை மட்டும் அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டன. அந்த விதிகளின் முதல் மறுஆய்வு 2028-க்குள் நடந்தாக வேண்டும். அட்டவணையில் மானிய மதிப்புக்கான அந்த ஒரு கட்டத்தைக் கட்டாயமாக்கச் சொல்லி இந்தியாவும், வளரும் நாடுகளின் கூட்டணியான ஜி77 நாடுகளும் இப்போதே பிடிவாதம் பிடிக்கவேண்டும்.