ஒரே ஒரு பள்ளத்தாக்கு போதும்

கோடை நெருங்கினால் இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள மலையும் ஏரியுமான லேக் டிஸ்டிரிக்டைப் பற்றி எனக்கு ஒரே கேள்வி வந்துகொண்டே இருக்கும்: "லேக் டிஸ்டிரிக்டில் மூன்று நாளில் எத்தனை ஏரிகளைப் பார்த்துவிடலாம்?" இந்த வாரம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாக எழுதுவதைவிட இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏரிகளை எண்ணாதீர்கள். ஒரு பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்து அங்கேயே தங்குங்கள்.

முதல் முறை போனபோது நான் எண்ணிக்கொண்டுதான் போனேன். இரண்டு நாள், ஏழு ஏரிகள், ஒரு வாடகைக் கார். இன்று யோசித்தால் எந்த ஏரியின் முகமும் தெளிவாக நினைவுக்கு வரவில்லை. கல்சுவர்களுக்கு நடுவே எதிரே வந்த டிராக்டருக்கு வழிவிடக் காரைப் பின்னுக்கு எடுத்ததும், நிறுத்த இடம் தேடி ஒரே சாலையில் நான்கு முறை போய்வந்ததும்தான் நினைவிருக்கின்றன. இரண்டாம் நாள் மாலை அம்மா, "எங்காவது இறங்கிப் பத்து நிமிடம் உட்காரவிடு, அது போதும்" என்றார். அந்தச் சொல் இன்னும் எனக்குள் இருக்கிறது. அவருக்காகத்தான் அந்தப் பயணத்தையே ஏற்பாடு செய்திருந்தேன்.

தவறு எங்கே என்பது பிறகு வரைபடத்தை விரித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. நடுவில் மேடாக உயர்ந்து நிற்கும் மலைத்தொகுதி. அதிலிருந்து நாலா பக்கமும் பனியாறுகள் குடைந்து இறங்கிய பள்ளத்தாக்குகள், வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போல. ஓர் ஆரத்திலிருந்து அடுத்ததற்குக் குறுக்கே போகச் சாலை அநேகமாக இருக்காது. ஓர் ஆரத்தின் முனையிலுள்ள வாஸ்டேல் ஹெட்டிலிருந்து இன்னொரு பள்ளத்தாக்கான பாரோடேலில் உள்ள சீத்வெயிட் என்ற சிற்றூருக்கு ஸ்டை ஹெட் கணவாய் வழியாக நடந்தால் ஏறக்குறைய மூன்று மணி நேரம். காரிலோ மேற்கே கடற்கரைப் பக்கம் இறங்கி, மலைகளைச் சுற்றி வடக்கே போய், மறுபடியும் தெற்கே நுழைய வேண்டும். கைப்பேசி காட்டும் குறுக்குவழியை நம்பினால் ஹார்ட்நாட் கணவாயில் கொண்டுபோய் விடும். சில இடங்களில் மூன்று அடிக்கு ஓர் அடி உயரும் சரிவு, ஒரு வண்டி மட்டுமே போகும் அகலம். பழக்கமில்லாதவர்கள் அங்கே ஓட்ட வேண்டாம் என்று கெஞ்சியே கேட்கிறேன்.

எண்ணித்தான் தீர வேண்டும் என்பவர்களுக்கு ஒரு செய்தி. அந்தப் பகுதியில் பெயரிலேயே 'லேக்' உள்ள பெரிய ஏரி பாசன்த்வெயிட் ஒன்றுதான். மற்றவை மியர், அல்லது வாட்டர். மலைமேல் சிறிதாகக் கிடந்தால் டார்ன். எல்லாமே இயற்கையாக அமைந்தவையும் அல்ல. ஹாஸ்வாட்டர் ஏரியை மான்செஸ்டர் நகரின் குடிநீருக்காக அணை கட்டிப் பெரிதாக்கியபோது, 1930-களில் மார்டேல் கிரீன் என்ற கிராமமே நீருக்குள் போனது. கடும் வறட்சி வந்தால் அதன் சுவர்கள் வெளியே தெரியும். காரில் ஐந்து நிமிடம் நிறுத்திப் படம் எடுப்பவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியவரும்?

அடுத்த முறை அம்மாவும் நானும் ரயிலில் போனோம். லண்டன் யூஸ்டனிலிருந்து ஆக்ஸன்ஹோம், அங்கிருந்து கிளைப்பாதையில் விண்டர்மியர், பிறகு 555 பஸ். ஆம்பிள்சைடு, கிராஸ்மியர் வழியாகக் கெஸ்விக் ஊர் வரை அது போகிறது. மாடியில் முன்னிருக்கை கிடைத்தால் அந்தப் பயணத்தையே ஒரு நாள் சுற்றுலாவாகக் கணக்கில் எழுதலாம். கெஸ்விக்கிலிருந்து 78-ஆம் எண் பஸ் பாரோடேலுக்குள் போகும். ஐந்து நாளும் அந்த ஒரு பள்ளத்தாக்குதான். முழங்கால் வலியுள்ள அம்மா கெஸ்விக்கை ஒட்டிய டெர்வென்ட்வாட்டர் ஏரியைச் சுற்றும் படகில் ஏறி, பிடித்த துறையில் இறங்கி, வேண்டிய மட்டும் உட்கார்ந்திருந்தார். ஒருநாள் ஒரே பெஞ்சில் இரண்டு மணி நேரம் இருந்தோம். மேகத்தின் நிழல் எதிர்மலைமீது ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது வழியெல்லாம் அதைப் பற்றியே பேசினார்.

மழையைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். பெய்யும், சந்தேகமே வேண்டாம். இங்கிலாந்தில் மக்கள் வாழும் இடங்களில் மிக அதிகமாக மழை பெறுவது நான் மேலே சொன்ன அதே சீத்வெயிட்தான். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல். அந்த மழை இல்லாவிட்டால் ஏரிகளும் இல்லை. லோடோர் அருவியை வறண்ட வாரத்தில் பார்த்தால் பாறைகள்தான் தெரியும். நல்ல மழைக்கு மறுநாள் போனால் அதன் ஓசை சாலை வரை கேட்கும். ஆகவே நாள்வாரியாக அட்டவணை போடாதீர்கள். மழை நாளுக்கு இரண்டு, வெயில் நாளுக்கு இரண்டு என்று யோசித்து வைத்துக்கொண்டு, காலையில் வானத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மலை ஏறுகிறவர்களிடம் மட்டும் கண்டிப்பாகப் பேசுகிறேன். இங்கிலாந்தின் மிக உயர்ந்த மலையான ஸ்காஃபெல் பைக் 978 மீட்டர்தான். அந்த எண்ணைப் பார்த்து ஓடுகாலணியோடும் ஒரு பாட்டில் தண்ணீரோடும் கிளம்பிவிடுகிறார்கள். மேலே மூடுபனி இறங்கினால் பாதை மறைந்துவிடும், கைப்பேசிக்குச் சிக்னல் இருக்காது. காகித வரைபடம், திசைகாட்டி, டார்ச், மழைச்சட்டை நான்கும் வேண்டும். ஆபத்து என்றால் 999-ஐ அழைத்துக் காவல்துறையைக் கேட்டு, மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். வருபவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். தம் வேலையையும் தூக்கத்தையும் விட்டுவிட்டு ஏறி வருகிறார்கள்.

இன்னொன்று. நாம் ரசிக்கும் அந்தப் பசும்புல்வெளி ஒருவருடைய பண்ணை. குழந்தைகளுக்குக் கதை எழுதிய பீட்ரிக்ஸ் பாட்டர் 1943-இல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை, இயற்கை இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு விட்டுச்சென்றார். ஹெர்ட்விக் என்ற உள்ளூர் இனச் செம்மறி ஆடுகள் அங்கே தொடர்ந்து மேய வேண்டும் என்பது அவருடைய அக்கறை. நீங்கள் திறந்த கேட்டை நீங்களே மூடிவிட்டுப் போங்கள். பண்ணை வாசலில் காரை நிறுத்தாதீர்கள்.

ஜூலையில் மாமியாரையும் இரண்டு குழந்தைகளையும் அழைத்துச் செல்லவிருக்கும் தோழிக்கு: கெஸ்விக்கிலேயே தங்குங்கள். முதல் நாள் காசல்ரிக் கல்வட்டம். மாமியாருக்கு டாக்சி வைத்துக்கொள்ளலாம். நல்ல வானிலை அமைந்தால் குழந்தைகளோடு ஏரிக்கரையிலுள்ள கேட்பெல்ஸ் மலை ஏறுங்கள், 451 மீட்டர்தான். ஆனால் உச்சிக்கு அருகே கையூன்றி ஏற வேண்டிய பாறைகள் உண்டு, சின்னவளைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு எல்லோரும் படகில் போய், ஹாஸ் எண்ட் துறையில் நீங்கள் இறங்கிக்கொள்ள, மாமியார் படகிலேயே ஏரியைச் சுற்றிக் கெஸ்விக் திரும்பட்டும். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.