முட்டைக் கணக்கு மட்டும் போதுமா?
அழுங்காமை என்ற கடலாமை ஒரு குழியில் 100 முட்டைக்கு மேல் இடும், சுத்தியல்தலைச் சுறா ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 40 குட்டிக்குள்தான் ஈனும், அதனால் எண்ணிக்கை குறைந்துபோன இந்த இரண்டில் ஆமைதான் சீக்கிரம் மீளும் என்கிறது இந்தக் கட்டுரை. முட்டையை எண்ணி என்ன பயன்? குஞ்சுகளில் பெரும்பாலானவை வளர்வதற்குள் போய்விடும். தப்பிப் பிழைத்தவையும் முட்டையிட ஏறக்குறைய 20 வருடமோ அதற்கு மேலோ ஆகும். ஆமைக்கு உண்மையில் கைகொடுப்பது அது கரையேறுவதுதான். மணலில் தடம் பார்த்துக் கூட்டைக் காக்கலாம், எண்ணலாம். கடலுக்குள்ளேயே குட்டி போடும் சுறாவுக்குக் காவல் நிற்பது யார்? அப்புறம், 'தூண்டிலில் மாட்டினால் இரண்டுக்கும் ஒரே கதிதான்' என்று மேலே பின்னூட்டத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படியில்லை. கயிறு நீளமாக இருந்தால் ஆமை மேலே வந்து மூச்சு விடும், முள்ளை எடுத்து விட்டுவிடலாம். இந்தச் சுறாவோ நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளில் தண்ணீர் ஓடும். தூண்டிலில் இழுபட்டுத் தவிக்கும்போது படகுக்கு வருவதற்குள்ளேயே பல செத்துவிடுகின்றன. அவற்றை உயிரோடு விடும் பேச்சுக்கே இடமில்லை.