காப்பீட்டு அட்டைக்கு நிகோடின் சூயிங்கம் கிடைக்குமா?

"முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் காட்டினால் மருந்துக்கடையிலேயே புகைப்பழக்கத்தை விட உதவும் மருந்து இலவசம்" என்று தஞ்சை, மன்னார்குடி வாட்சப் குழுக்களில் சுற்றும் தகவல் தவறு. ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான அந்தத் திட்டம், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் பட்டியலிட்ட சிகிச்சைகளுக்கானது. கடையில் வாங்கும் மருந்துக்கு அதில் பணம் வராது. அரசு மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டு போட்டு மருத்துவரைப் பாருங்கள். அங்கே இருப்பில் உள்ள மருந்துக்கு அட்டையே வேண்டாம்.

அப்படிப்பட்ட மருந்தான நிகோடின் சூயிங்கத்தைக் காசு கொடுத்து வாங்கியும் பலருக்குப் பலிக்காததற்குக் காரணம் மெல்லும் விதம். சுருக்கென்றதும் மெல்வதை நிறுத்தி, கன்னத்தில் ஒதுக்குங்கள். அது அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். இப்படி அரைமணி நேரம். பபுள்கம் போல மென்றால் நிகோடின் வயிற்றுக்குப் போய் விக்கலும் குமட்டலும்தான் மிச்சம். 15 நிமிடம் முன்பிருந்தே காபி கூடாது (கும்பகோணத்தில் இதுதான் கஷ்டம்!). எழுந்த 30 நிமிடத்துக்குள் பற்றவைப்பவருக்கு 4 மில்லிகிராம், மற்றவருக்கு 2. ஆலோசனைக்குக் கட்டணமில்லா எண் 1800-11-2356.